பூதப்பாண்டி வீட்டு கம்ப்யூட்டரும் ஷார்ஜா மெமரியும்

1. துண்டில் சுற்றி வந்த பெட்டி

மாணிக்கவாசகம் அண்ணாச்சி கடைக்குள் வந்தபோது, கம்ப்யூட்டர் பெட்டியைக் குளிப்பாட்டிய குழந்தையைப்போல ஒரு துண்டில் சுற்றி மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். அதை என் மேஜைமேல் வைத்த விதத்தில் மட்டும் அந்தப் பாசம் இல்லை.

“எம்மா ஸ்டெல்லா, நீ நல்லா இருப்பியா?” என்றார்.

இது நலம் விசாரிப்பு அல்ல. எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ‘இருப்பேன்’ என்று யாரும் பதில் சொல்வதில்லை.

“என்ன அண்ணாச்சி, என்ன காரியம்?”

“டூப்ளிகேட் போர்டப் போட்டுக் குடுத்து எம் பிள்ளைக்க வேலைக்கு வேட்டு வச்சாச்சு. இப்ப என்ன காரியம்னா கேக்கே?”

நாகர்கோவிலில் இந்தக் கடையில் நான் சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்தபோது ஃப்ளாப்பி புழக்கத்தில் இருந்தது. பிறகு ஃப்ளாப்பி போனது, சிடி போனது, குண்டு மானிட்டர் போனது. எது பழுதானாலும் கடைக்காரன் திருடன் என்ற நம்பிக்கை மட்டும் எந்த அப்டேட்டும் தேவைப்படாமல் இன்றும் அருமையாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆரம்ப காலத்தில், “ஆம்பிளையாளு யாரும் இல்லியா?” என்று என் தலைக்குமேல் எட்டிப் பார்த்த வாடிக்கையாளர்கள்தான் பின்னாளில், “ஸ்டெல்லா இல்லேன்னா பொறவு வாறேன்” என்று திரும்பிப் போனார்கள். அப்படிச் சேர்த்த பேர். அண்ணாச்சி அதைத்தான் துண்டோடு சேர்த்து மேஜையில் போட்டு உதறினார்.

அவர் பூதப்பாண்டியில் வயல் வைத்திருப்பவர். அவர் மகள் சிவகாமி, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கிறாள். அந்தப் பெட்டியை அவளுக்காக அசெம்பிள் செய்தது நான்தான். பட்ஜெட் மெஷின். எச் 610 மதர்போர்டு, ஐ த்ரீ பிராசஸர், எட்டு ஜிபி மெமரி. சமீபத்தில் கம்பெனிக் கணக்கு பெருத்துப்போய் மெஷின் திணறியது. சிவகாமி போனில் கேட்டபோது, “ஒரு ஸ்லாட் காலியாத்தான் இருக்கு. அதே மாதிரி இன்னொரு எட்டு ஜிபி போட்டாப் போரும், வா” என்று சொல்லியிருந்தேன். வருகிறேன் என்றவள் வரவில்லை. ஆள் வராமல் பெட்டிதான் வந்திருந்தது.

“யாராவது தொறந்தாங்களா அண்ணாச்சி?”

“யாரு தொறப்பா? மாப்பிளதான் பாத்தாரு. நிச்சயம் முடிஞ்சிட்டுல்லா. ஷார்ஜாவுல கம்ப்யூட்டர் எஞ்சினீயரு. மெமரி அவரே அங்கேருந்து கொண்டு வந்தாரு. போட்டுப் பாத்துட்டு, போர்டே டூப்ளிகேட்டு மாமா, அதான் நல்ல மெமரியத் தாங்கலன்னாரு.”

பெட்டியைத் திறந்தேன். காலியாக இருந்த ஸ்லாட்டின் நடுவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். மெமரியில் உள்ள வெட்டு அதில் பொருந்தினால்தான் உள்ளே இறங்கும். அந்தத் தடுப்பு உடைந்து பெட்டியின் அடியில் கிடந்தது. ஸ்லாட்டின் ஓரம் விரிசல் விட்டிருந்தது. பூட்டும் கிளிப் பாதியைக் காணோம். மெமரியை வைத்து அமுக்கியது போலத் தெரியவில்லை. தேங்காய் உரித்தது போலிருந்தது. அதோடு கரண்டும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். போர்டு செத்திருந்தது.

ஷார்ஜா மெமரியை மட்டும் காணவில்லை. கொண்டு வந்தவரே கொண்டு போய்விட்டார் போலும்.

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் ஓனர் செல்வராஜ் அண்ணன் என்னை ஸ்டோர் ரூமுக்குள் கூப்பிட்டார். முப்பது அடி தூரத்திலிருந்தே அவர் நிலவரத்தைப் புரிந்துகொண்டிருந்தார். வியாபாரம் தெரிந்தவர்.

“ஸ்டெல்லா, கல்யாண வீட்டுக் காரியம். மருமவன் உடைச்சாருன்னு நம்ம வாயால சொல்லப்பிடாது. புது போர்டு போட்டுக் குடுத்திருவோம். எச் 610-லயே டிடிஆர் ஃபைவ் மாடல் வந்து கெடக்கு, அதப் போடு.”

“அதப் போட்டா பழைய மெமரி சேராது அண்ணே.”

“அப்ப மெமரியும் புதுசு குடுப்போம்” என்றார், கஷ்டத்தில் இருப்பவருக்கு உதவும் முகத்துடன்.

2. மெமரி வாங்க நம் மாவட்டத்தில் உள்ள வழிகள்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை இடையில் சொல்லிவிடுகிறேன்.

குலசேகரத்து ரப்பர் வியாபாரி ஒருவர், தன் கார் சிவப்பு என்பதற்காகச் சிவப்பு மூடி போட்ட மெமரிதான் வேண்டும் என்றார். கருங்கல் ஊரிலிருந்து வந்தவர் லேப்டாப் மெமரியை டெஸ்க்டாப்புக்காக வாங்கி வந்திருந்தார். நீளம் பாதிதான் இருக்கிறது என்று காட்டினேன். “அப்ப ரெண்டு வாங்கி ஒட்டுனா செரியாவுமா?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று சர்வர் மெமரியை வாங்கி வருகிறவர்கள் தனி ரகம். இவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரு பழக்கம் உண்டு. போர்டைத் தவிர மற்ற எல்லாரிடமும் கேட்டுவிட்டு வருவார்கள்.

போர்டிலேயே எழுதியிருக்கிறது. டிடிஆர் த்ரீயா, ஃபோரா, ஃபைவா என்பது முதலில். ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் சேரவே சேராது. வெட்டு இருக்கும் இடம் மாறும். ஃபோருக்கும் ஃபைவுக்கும் அந்த வெட்டு கொஞ்சம்தான் தள்ளி இருக்கும். தூரத்தில் பார்த்தால் அக்கா தங்கைபோலத் தெரியும். அடுத்தது வேகம். பட்ஜெட் போர்டு 3200 வரைதான் போகும் என்றால், நீங்கள் அதைவிட வேகமானதைப் போட்டாலும் அது 3200-ல்தான் ஓடும். வடசேரி பஸ்ஸ்டாண்டு நெரிசலில் எந்தக் காரை விட்டாலும் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால்தான் போக வேண்டும். கடைசியாக, இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே அளவு, ஒரே வேகம் உள்ள ஜோடியைப் போட்டால் சண்டை இருக்காது.

எச் 610-ல் ஒரு பொறி இருக்கிறது. ஒரே பெயரில் டிடிஆர் ஃபோர் போடுகிற போர்டும் வரும், ஃபைவ் போடுகிற போர்டும் வரும். பெயரின் வாலில் ‘டி4’ என்று பொடி எழுத்தில் இருந்தால் அது ஃபோர். சிவகாமியுடையது அந்த ரகம். மாப்பிள்ளை ஷார்ஜாவிலிருந்து பெயரைத் தேடிப் பார்த்திருக்கிறார், வாலைப் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். தேடியாவது பார்த்தார். ஸ்லாட்டில் வைத்துப் பார்த்து, இறங்கவில்லை என்று தெரிந்தபோது நிறுத்தியிருக்கலாம். மாமனார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த மாப்பிள்ளை நிறுத்துவார்?

3. கூலிங் கிளாஸ்

அன்று மத்தியானம் அவரே வந்தார். கூலிங் கிளாஸ் போட்டிருந்தார். கடைக்குள் வந்த பிறகும் கழற்றவில்லை. வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

“அக்கா, நான் தாணு. பூதப்பாண்டி வீட்டுக்…”

“தெரியும். வாங்க எஞ்சினீயர்.”

அந்த வார்த்தைக்கு அவர் முகம் சுருங்கியது. கையில் இருந்த பையிலிருந்து ஒரு மெமரியை எடுத்து மேஜையில் வைத்தார். டிடிஆர் ஃபைவ். வெள்ளி நிறத்தில் கவசம், தலையில் விளக்கு. கரண்டு கொடுத்தால் கோயில் கொடை விழாபோல ஏழு நிறத்தில் எரியும் ரகம். ஒரு ஓரத்தில் உரசல்.

“போர்டு தானாவே போயிட்டுன்னு சொல்லிருங்கக்கா. புது போர்டு நான் வாங்கித் தாறேன். உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லல்லா?”

“எனக்கு என்ன நஷ்டம்? டூப்ளிகேட் விக்கிறவள்னு பூதப்பாண்டி பூரா ஒரு பட்டம் கிட்டும். இத்தன வருசத்துல ஒரு பட்டம்கூடக் கிட்டாம இருந்தேன். நல்லதுதான்.”

தாணு கண்ணாடியைக் கழற்றினார். நான் எதிர்பார்த்த திமிர் அந்தக் கண்ணில் இல்லை. தூங்காத கண்.

“நான் எஞ்சினீயர் இல்லக்கா” என்றார். “டாகுமெண்ட் கண்ட்ரோலர். கட்டடக் கம்பெனில பேப்பர் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி ஒழுங்கா வைக்கணும். அதுதான் வேல. புரோக்கர் எஞ்சினீயர்னு சொல்லிட்டான். பொண்ணு பாக்கப் போனப்பம் மாமா அத நாலு பேருட்ட சொல்லிச் சந்தோசப்பட்டாரு. எனக்கு மறுத்துச் சொல்ல வாய் வரல. பொறவு அந்தக் கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா ஓடுதுன்னு அவ சொன்னா. நானே சரியாக்கித் தாறேன்னுட்டேன்.”

“ஏன் சொன்னீங்க?”

“எஞ்சினீயருல்லா” என்றார் பரிதாபமாக.

எனக்குக் கோபம் இருந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு சொன்னேன்: “போர்டு மாத்தித் தாறேன். நானா போயி உங்கள யாருட்டயும் காட்டிக் குடுக்க மாட்டேன். ஆனா எங்க போர்டு டூப்ளிகேட்டுன்னு என் வாயால வராது. யாராவது நேருக்கு நேரா கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன். அதுக்குள்ள நீங்க ஒரு வழி பாருங்க.”

“கல்யாணம் நின்னு போச்சுன்னா?”

அதற்கு என்னிடம் உதிரி பாகம் இல்லை. பழைய போர்டைக் கழற்ற ஆரம்பித்தேன்.

ஓனர் சொன்ன டிடிஆர் ஃபைவ் போர்டை நான் தொடவில்லை. ‘டி4’ வால் உள்ள அதே போர்டை எடுத்தேன். பிராசஸரும் பழைய எட்டு ஜிபியும் நல்லபடி இருந்தன. அதற்கு ஜோடியாக இன்னொரு எட்டு ஜிபியைப் போட்டு ஓடவிட்டேன். ஓனர் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விட்டார். என்னைவிட அந்த விற்காத மெமரிக்காகத்தான் அவர் அதிகம் வருந்தினார்.

4. விரலை எடுக்காத வாய்ஸ் மெசேஜ்

மறுநாள் காலையில் அண்ணாச்சியும் சிவகாமியும் பெட்டியை வாங்க வந்தார்கள். பின்னாலேயே தாணுவும் வந்தார். மாமனாரே கூப்பிட்டிருக்கிறார்: “நீங்க இருந்தாத்தான் அவளுவ ஏமாத்த மாட்டாளுவ.” ‘அவளுவ’ என்றது நான் ஒருத்தியை.

சிவகாமி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் வேலையை விடமாட்டேன் என்ற ஒரே நிபந்தனையில்தான் அவள் சம்மதித்தாள் என்பது எனக்குத் தெரியும். அந்த வேலை இரண்டு நாளாகத் துண்டில் சுற்றிக் கிடந்தது. சென்னையிலிருந்து மேனேஜர் கூப்பிட்டபடி இருந்தார்.

மெஷினை ஓடவிட்டுக் காட்டினேன். சரசரவென்று திறந்தது. அவள் முகம் தெளிந்தது. அண்ணாச்சி முகம் தெளியவில்லை. சரியாகிவிட்டால் சண்டைக்கு என்ன இடம்? பழைய போர்டை மேஜையிலிருந்து தூக்கிப் பிடித்தார்.

“இந்த டூப்ளிகேட்ட நான் நாலு பேருக்குச் சொல்லாம விடமாட்டேன். எங்க ஆளுவ யாரும் இந்தக் கட வாசல மிதிக்கப்பிடாது” என்றபடி செல்போனை எடுத்தார். அவர்களுடைய குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட ஆரம்பித்தார். மைக் படத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். விரலை எடுத்தால் மெசேஜ் போய்விடும். இது அவருக்குத் தெரியும். உணர்ச்சி வந்தால் மறந்துபோகும் என்பதுதான் தெரியாது.

“எல்லாரும் கேளுங்க. நாகர்கோவில்ல நம்ம வழக்கமா வாங்குத கடயில டூப்ளிகேட் போர்டு போடுதாவ. நம்ம மாப்பிள எஞ்சினீயரு, அவரு கண்டுபிடிச்சாரு. இந்தா அந்தப் பிள்ளையே இங்கதான் நிக்குது. கேக்கேன் பாருங்க. எம்மா ஸ்டெல்லா, இது டூப்ளிகேட்டா இல்லியா? சொல்லு.”

விரல் அமுங்கியபடி இருந்தது. ஓனர் இரண்டு தடவை இருமினார்.

“நல்ல போர்டு அண்ணாச்சி” என்றேன்.

“பின்ன எப்படிப் போச்சு?”

என் நாக்கின் நுனியில் பதில் இருந்தது. சொல்லியிருந்தால் என் பேர் அந்த நிமிடமே சுத்தமாகியிருக்கும். ஆனால் தாணுவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சிவகாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உடைந்த ஸ்லாட்டைப் பார்த்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை.

“நான்தான் உடைச்சேன் மாமா” என்றார் தாணு.

அண்ணாச்சி மருமகன் பக்கம் திரும்பினார்.

“என்னது?”

“நான் கொண்டு வந்த மெமரி இந்த போர்டுக்குச் சேராது. சேரலன்னு தெரிஞ்ச பொறவும் அமுக்கினேன். நீங்க நின்னு பாத்துட்டு இருந்தீங்க. அந்த வெப்ராளத்துல, பதட்டத்துல டூப்ளிகேட்டுன்னு சொல்லிட்டேன். கடையில தப்பு இல்ல. பின்ன… நான் எஞ்சினீயரும் இல்ல. டாகுமெண்ட் கண்ட்ரோலர்.”

அண்ணாச்சி போர்டை மேஜையில் வைத்தார். மெள்ளக் கேட்டார்:

“அது எஞ்சினீயருக்கு மேலயா, கீழயா?”

“கீழ மாமா.”

“ரொம்பக் கீழயா?”

சிவகாமி குறுக்கிட்டாள். “அப்பா, அவரு என்னைய டீ போடச் சொல்லி அடுக்களைக்கு அனுப்புனப்பமே டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுது. எனக்கு அப்பமே தெரியும். அவரு வாயால எப்பம் சொல்லுவாருன்னுதான் பாத்துட்டு இருந்தேன்.” பிறகு தாணுவிடம், “இன்னைக்காவது சொன்னீங்களே” என்றாள். அவள் குரலில் பாராட்டு எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

அதற்குள் அவள் பார்வை அப்பாவின் கையில் விழுந்தது.

“எப்பா! வெரலு!”

அண்ணாச்சி திடுக்கிட்டு விரலை எடுத்தார். போன் ஒரு சத்தம் எழுப்பியது. மெசேஜ் போய்விட்டது. அவள் பிடுங்கி அழிக்கப் பார்த்தாள். அதற்குள் மஸ்கட்டில் இருந்த அவள் சித்தப்பா கேட்டு முடித்துவிட்டு, “டாகுமெண்ட் கண்ட்ரோலர் நல்ல வேலதான்” என்று பதிலும் போட்டுவிட்டார். வளைகுடாவில் வேலை செய்பவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது.

அந்த குரூப்பில் மாப்பிள்ளை வீட்டாரும் இருந்தார்கள். புரோக்கரும் இருந்தார். அன்று சாயங்காலத்துக்குள் அவர் குரூப்பிலிருந்து வெளியேறினார்.

5. பிறகு நடந்தது

தாணுவின் அம்மாவுக்கு மகன் கடையில் நின்று தலைகுனிந்ததில் வருத்தம். அண்ணாச்சிக்கு நாலு பேரிடம் எஞ்சினீயர் என்று சொன்னதைத் திரும்ப வாங்க முடியாத வருத்தம். பெரியவர்கள் இரண்டு வீட்டுக்கும் நடந்தார்கள். கல்யாணம் வேண்டாம் என்று இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட முடிவானபோது, யாருக்கோ ஞாபகம் வந்து சிவகாமியிடம் கேட்டிருக்கிறார்கள்.

“எஞ்சினீயர்னு சொன்னது புரோக்கர். நான் எஞ்சினீயரக் கெட்டணும்னு எப்பமாவது சொன்னேனா?” என்றாளாம். “பொய் சொன்னாரு. அவருட்ட அதக் கேட்டாச்சு. இனி அவரு என் மெஷினத் தொறக்கப்பிடாது, வேலைய விடச் சொல்லப்பிடாது. ரெண்டுக்கும் சம்மதிச்சாச்சு. நீங்க மண்டபத்தப் பாருங்க.”

இதை என்னிடம் சொன்னவள் அவளேதான், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தபோது.

அண்ணாச்சி என்னிடம் மன்னிப்பு கேட்டாரா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவில்லை. அவர்கள் தோட்டத்து மட்டி வாழைப்பழக் குலை ஒன்று ஆட்டோவில் வந்தது. கொண்டு வந்தவர், “அண்ணாச்சி தந்துவிட்டாரு. வேற ஒண்ணும் சொல்லல” என்றார். நாஞ்சில் நாட்டில் இது எழுத்துப்பூர்வமான மன்னிப்புக்குச் சமம்.

குரூப்பில் போன வாய்ஸ் மெசேஜை நான் என் தொழிலுக்கு வந்த சாவு என்று நினைத்திருந்தேன். அடுத்த நாளிலிருந்து போன் ஓயவில்லை. தாழக்குடியிலிருந்து ஒரு அத்தை, திட்டுவிளையிலிருந்து ஒரு சித்தப்பா, மஸ்கட்காரரின் மச்சினர். ஒருவருக்கும் மாப்பிள்ளை சொன்ன பொய்யைப் பற்றி அக்கறை இல்லை. எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: “எங்க வீட்டு மெஷினுக்கு எந்த மெமரிம்மா சேரும்?” போர்டு பெயர் என்ன என்று கேட்டால், “கருப்பா இருக்கும்” என்றார்கள். ஓனர் பெருமூச்சை நிறுத்தினார். விளம்பரத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்றும், வருசத்துக்கு ஒரு மாப்பிள்ளை வந்து உடைத்தால் தேவலை என்றும் சொன்னார்.

கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் மூன்றாவது பாயசம் வரை இருந்தேன். அதற்குப் பிறகு, ஷார்ஜாவுக்குத் திரும்புவதற்கு முன்பு தாணு ஒருநாள் கடைக்கு வந்தார். கூலிங் கிளாஸ் இல்லை. கூட வேலை பார்க்கும் ஒருவரின் கம்ப்யூட்டருக்கு மெமரி வேண்டும் என்றார். செல்போனை நீட்டினார். போர்டின் படம். பெயர் வால் வரை தெளிவாக விழுந்திருந்தது. அடுத்த படத்தில் ஸ்லாட். அடுத்ததில் ஏற்கெனவே இருக்கும் மெமரியின் ஸ்டிக்கர்.

“சரியா இருக்கான்னு பாருங்கக்கா. பாத்துட்டுச் சொன்னாப் போரும். நான் அமுக்க மாட்டேன்.”

கேட்காமலேயே போர்டின் முழுப்பெயரோடு வந்த முதல் வாடிக்கையாளர் அவர்தான். இத்தனை வருட வேலையில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: சொன்னால் யாரும் கேட்பதில்லை, ஆனால் ஒருவர் திருந்தவே முடியாது என்றும் இல்லை. ஒருவரைத் திருத்த ஒரு நல்ல போர்டு போனது, ஒரு கல்யாணம் நிற்கப் பார்த்தது, ஒரு குரூப்பே நடுங்கியது. இந்தக் கணக்கில் மாவட்டம் முழுக்கத் திருந்த வேண்டுமென்றால் நாகர்கோவிலில் உள்ள கல்யாண மண்டபம் எல்லாம் சேர்ந்தாலும் பற்றாது.